லின்னுக்குக் 'கசின்' படிப்பித்தேன்

1

இலங்கையன் என்றால் இங்கிலீஷ் தெரிந்திருக்கும் என்று ஒரு மூடநம்பிக்கை ஜேர்மனியில் இருக்கிறது. வெள்ளைக்காரன் ஆண்ட நாடு, தேயிலை, கிரிக்கெட் என்று ஏதோ கூட்டிக் கழித்து அந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நானும் இந்த வேலைக்கு வந்து இருபத்தாறு வருடமாக அதை மறுத்ததில்லை. நான் வேலை செய்கிற கன்ரீனுக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால், "சிவாவைக் கூப்பிடுங்கள்" என்பார்கள். நான் ஏப்ரனைக் கழற்றிவைத்துவிட்டுப் போய், "குட் மோர்னிங், வெஜிடேரியன் திஸ் சைட், மீட் தட் சைட்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவேன். அதற்குமேல் ஒருவரும் கேட்டதில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

கன்ரீன் இருப்பது பீலெஃபெல்டில். அப்படி ஒரு நகரமே கிடையாது என்பது ஜேர்மன்காரர்களின் பழைய பகிடி. இல்லாத ஊரில் இருபத்தாறு வருடம் சலாட் வெட்டியவன் நான் என்பதால் எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

என்னுடைய இங்கிலீஷின் சாயம் வெளுக்கிற நாள் போன மாசி மாதம் வந்தது. எனக்குப் பக்கத்தில் நின்று காய்கறி வெட்டுகிற லின், ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் வெட்டும் பலகையில் வைத்தார். பிரித்தானிய விசாப் படிவம்.

2

லின் ஐம்பது தாண்டிய சீனப் பெண்மணி. கணவரோடு நடத்திய ரெஸ்ரோரன்ட் மூடப்பட்ட பிறகு எங்கள் குசினிக்கு வந்தவர். நாங்கள் இருவரும் பேசுவது டொச், அதாவது ஜேர்மன் மொழி. அவருடைய டொச்சையும் என்னுடைய டொச்சையும் கூட்டினாலும் ஒரு முழு டொச் வராது. ஆனாலும் எங்களுக்குள் அது நன்றாகவே ஓடும். இடையில் ஒரு ஜேர்மன்காரன் வந்து சேர்ந்தால்தான் விளங்காமல் போகும். வாசிக்கிறவர்களின் வசதிக்காக லின்னை இங்கே யாழ்ப்பாணத் தமிழ் கதைக்க வைக்கிறேன். கேள்விப்பட்டால் கத்தியோடு வருவார்.

"சிவா, நான் மன்செஸ்டருக்குப் போகவேணும். அக்காவுக்கு நெஞ்சில ஒப்பரேஷன். அவவின்ர புருஷன் செத்துப்போனார், பிள்ளையளும் இல்லை. நான் போகாட்டி அவவைப் பார்க்க ஒருத்தரும் இல்லை. இங்கிலீஷில எழுதவேணுமாம். நீர்தான் சொல்லித் தரவேணும்."

படிவத்தைக் கம்பியூட்டரில்தான் நிரப்ப வேண்டும். பழகிப் பார்ப்பதற்காக யாரோ அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். 'யாரைப் பார்க்கப் போகிறீர், அவர் உமக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் லின் ஏற்கெனவே ஒரு சொல்லை எழுதியிருந்தார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்று யோசித்து எழுதியது: சிஸ்டர்.

அதோடு சேர்த்துக் குத்தியிருந்த பழைய டொச் ஆவணங்களைப் புரட்டினேன். ஒன்றில், 'உடன்பிறந்தோர்: இல்லை' என்று அச்சில் இருந்தது. அடியில் லின்னின் கையெழுத்து.

"உமக்குக் கூடப்பிறந்த ஆக்கள் இல்லையெண்டு இதில கிடக்கு."

"ஓம், இல்லை."

"அப்ப இவ ஆர்?"

"அக்கா."

"ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாவோ?"

"இல்லை."

"ஒரே அப்பாவோ?"

"இல்லை."

எங்கள் சலாட் அறை குளிர்ப்பெட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை. மாசி மாதத்தில் அங்கே நின்று எனக்கு முதுகு வேர்த்தது. ஏனென்றால் இந்தக் கேள்விகளை, இதே ஒழுங்கில், என்னிடம் ஒருவர் கேட்டிருக்கிறார்.

3

எண்பதுகளின் நடுவில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயில் பிடித்து, மேற்கே வந்து, தஞ்சம் கேட்கிற "அசூல்" என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு உட்காருவதுதான் அப்போதைய நடைமுறை. எனக்கு அப்போது இருபது வயது. கூட வந்தவர் யோகன் அண்ணை. என் பெரியப்பாவின் மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இரண்டு பெட்டியையும் அவர்தான் தூக்கினார். நான் குளிரில் அழுதேன். "மூக்கைத் துடையடா, வெள்ளைக்காரன் பார்க்கிறான்" என்று அவர் பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

விசாரணையில் அதிகாரி கேட்டார், யாரோடு வந்தீர்? நான் சொன்னேன், அண்ணையோடு. மொழிபெயர்ப்பாளர் அதை 'புரூடர்', சகோதரன், என்று சொன்னார். அவர்மேல் பிழையில்லை. அண்ணை என்றால் அண்ணைதானே.

அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "உம்முடைய குடும்பப் பெயர் கந்தையா. அவருடையது செல்லையா. சகோதரர்கள், ஆனால் இரண்டு குடும்பமா?" எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பாவின் பெயரைத்தான் பின்னால் கட்டிக்கொண்டு திரிகிறோம் என்றேன். அப்படியென்றால் இரண்டு அப்பாவா என்றார். ஓம் என்றேன். ஒரே அம்மாவா? இல்லை. அவர் தட்டச்சில் கனநேரம் அடித்தார். நான் கொடுத்த பதில்களைவிட அதிகமாக அடித்தார்.

பக்கத்து அறையில் யோகன் அண்ணையும் 'தம்பியோடு வந்தேன்' என்று இதையே சொல்லியிருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் தபாலில் வந்தது: சொல்வதில் நம்பகத்தன்மை இல்லை. ஊரில் விழுந்த ஷெல் உண்மை, எரிந்த வீடு உண்மை, யோகன் அண்ணை மட்டும் பொய்.

அதன் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். பெருமைப்படுகிற காரியமில்லை.

4

ஆகவே லின்னுக்கு நான் 'கசின்' என்ற சொல்லைப் படிப்பிக்க வேண்டியதாயிற்று.

"பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி, மாமா, மாமி. இவையின்ர பிள்ளையள் எல்லாருக்கும் இங்கிலீஷில ஒரே பேர்தான். கசின்."

"ஆம்பிளையெண்டால்?"

"கசின்."

"பொம்பிளையெண்டால்?"

"கசின்."

"எங்களுக்கு மூத்தவை?"

"கசின்."

"இளையவை?"

"அதுவும் கசின்தான்."

லின் கத்தியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது. "பாவங்கள்," என்றார். "அவங்களுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ?"

சீனத்தில் இந்த ஒரு சொல்லின் இடத்தில் எட்டுச் சொல் இருக்கிறதாம். அப்பாவின் அண்ணன் தம்பியின் பிள்ளைகள் ஒரே கூடத்துப் பிள்ளைகள். மற்ற எல்லோரும் வெளிப் பிள்ளைகள். அதற்குள் ஆண், பெண், மூத்தது, இளையது என்று நாலு நாலாகப் பிரிவு. எங்களிடமும் இரண்டு கூட்டம் உண்டு, ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது என்றேன். வாயால் சொல்லி விளங்காததால் மேசையில் பரப்பினோம். அப்பா பக்கத்துக்குக் கரட், அம்மா பக்கத்துக்கு உருளைக்கிழங்கு. பெரியது மூத்தவர், சின்னது இளையவர். பெண்களுக்கு ஒரு முள்ளங்கித் துண்டு தலையில்.

என் கணக்கில் பெரியப்பாவின் பிள்ளையும் பெரியம்மாவின் பிள்ளையும் சகோதரங்கள். அவர்களை ஒரு கோப்பையில் போட்டேன். மாமாவின் பிள்ளையும் மாமியின் பிள்ளையும் மச்சான், மச்சாள். அவர்கள் வேறு கோப்பை. அவர்களைக் கல்யாணம் கட்டலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். லின் திடுக்கிடவில்லை. "எங்களிலயும் முந்தின காலத்தில வெளிப் பிள்ளையளைக் கட்டினவை," என்றார். "இப்ப சட்டம் விடாது." ஜேர்மன்காரர்களோடு இதைப் பேசி முகம் சுருங்கிய அனுபவம் உள்ள எனக்கு, ஒருவர் இவ்வளவு சாதாரணமாக அதைக் கேட்டது பெரிய ஆறுதல்.

சண்டை வந்தது பெரியம்மாவின் மகளில். அவர் உள்ளா வெளியா? நான் அந்த உருளைக்கிழங்கைச் சகோதரக் கோப்பையில் போட, லின் எடுத்து வெளியே வைக்க, நான் திரும்பவும் போட, குசினியின் தலைவர் பிரான்ட் வந்து நின்றார்.

"இது என்ன?"

"குடும்பம்," என்றேன்.

"இதில சூப்புக்கு எது?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிரான்ட் பெருமூச்சு விட்டார். மேசையில் இருந்த என் பரம்பரையையும் லின்னின் பரம்பரையையும் ஒரே வழிப்பாக வழித்துப் பானைக்குள் தள்ளிவிட்டுப் போனார். கசின் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் கிடையாது.

5

மறுநாள் லின் படிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். 'சிஸ்டர்' அப்படியே இருந்தது.

"நான் யோசிச்சனான். கசின் எண்டு எழுதமாட்டன்."

"ஏன்?"

"கசின் எண்டால் கலியாண வீட்டில கண்டு, சுகமோ எண்டு கேட்டு, சாப்பிட்டுப்போட்டுப் போற ஆள். மெய், அதுதான் அக்காவின்ர பேர், அவதான் என்னை வளத்தவ. அம்மா வேற நகரத்தில ஃபக்டரியில. மெய்யின்ர அம்மா, என்ர பெரியம்மா, அவவின்ர வீட்டிலதான் நான் இருந்தனான். பேன் பார்த்தது, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனது, தன்ர முட்டையைப் பாதி பிச்சுத் தந்தது, எல்லாம் மெய். கசின் எண்டு எழுதினால் அது பொய். நான் பொய் எழுதி விசா எடுக்கிறதில்லை."

எனக்குக் கோபம் வந்தது. ஒப்பரேஷனுக்கு ஆறு கிழமைதான் இருந்தது. உண்மையை எழுதினால் பொய் என்பார்கள், பொய்யை எழுதினால் மெத்தச் சரி என்பார்கள், அரசாங்கக் கந்தோர் என்றால் அதுதானே, இதுகூடத் தெரியாமலா இத்தனை வருடம் டெர்மின் என்று நாள் எடுத்து, அன்ட்ராக் என்று விண்ணப்பம் நிரப்பினீர் என்று கத்தினேன். லின் அசையவில்லை. பிடிவாதத்தில் சீனத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதிக தூரமில்லை.

அப்போதுதான், என் மனைவிக்கும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன்.

நிராகரிப்பு வந்த பிறகு எனக்கு ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். நல்ல மனிதர். இந்தச் சகோதரன் விஷயம்தான் உன் கேஸைக் கெடுக்கிறது, இதைத் திருத்தினால் மற்றதெல்லாம் நிற்கும் என்றார். ஒரு தாளை அடித்துக் கொண்டுவந்து நீட்டினார். ஒரே ஒரு வரி. 'யோகநாதன் செல்லையா என் சகோதரன் அல்ல.' நான் கையெழுத்து வைத்தேன். அன்றைக்கு இரவு அகதிக் கேம்பில் எனக்கு மேல் கட்டிலில் படுத்திருந்தவர் அவர்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

குடும்பம் இல்லையென்று ஆனபிறகு எங்களை ஒன்றாக வைத்திருக்கக் காரணமும் இல்லாமல் போயிற்று. என்னைப் பீலெஃபெல்டுக்கு அனுப்பினார்கள். அவரைத் தெற்கே எங்கேயோ. என் கேஸ் தேறியது. அவர் ஒரு வருடத்துக்குள் எப்படியோ கனடாவுக்குப் போய்விட்டார். அவருடைய கேஸ் தோற்றது என் கையெழுத்தால்தான் என்று நாற்பது வருடத்துக்குக் கிட்ட நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் தீபாவளிக்கு மட்டும் தொலைபேசி எடுப்பேன். அவர் குரல் கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

லின் கனநேரம் கரட் சீவிக்கொண்டிருந்தார்.

"அவர் உம்மட அப்பாவின்ர அண்ணன்ர மகனோ?"

"ஓம்."

"எங்கட கணக்கில அவர் ஒரே கூடம். அண்ணன்தான்."

"எங்கட கணக்கில மெய் உமக்கு அக்காதான். நான் நேற்றே சொன்னனான்."

 என் அண்ணையை அண்ணை என்று ஒத்துக்கொள்ள ஒரு சீனாக்காரி வேண்டியிருந்தது.

"சரி," என்றார் லின். "கட்டத்துக்குள்ள கசின் எண்டு எழுதுவம். ஆனா கட்டத்துக்கு வெளியில ஒரு கடிதம் வைப்பம். கசின் எண்டால் என்னெண்டு அவங்களுக்கு நாங்கள் விளங்கப்படுத்துவம்."

6

கடிதம் என்றவுடன் என் இங்கிலீஷ் வெளியே ஓடிவிட்டது. என் மகள் அபிதான் தட்டினாள். இங்கே பிறந்தவள், இருபத்துநாலு வயது. இங்கிலீஷும் டொச்சும் தண்ணீர்பட்ட பாடு, தமிழ் மட்டும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற என் மனைவியின் தம்பி மகனை அவள் எல்லோரிடமும் கசின் என்றுதான் சொல்வாள். ஒருநாள் என் மனைவி பகிடியாக, "உன்ர மச்சான் வாறானாம்" என்று சொல்ல, மச்சான் என்றால் என்னவென்று தேடிப் பார்த்தாள். பிறகு இரண்டு வருடம் ஸ்டுட்கார்ட் பக்கம் போகவில்லை.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

"மதிப்புக்குரிய ஐயா, அம்மணி. இந்த விண்ணப்பத்தில் கசின் என்று எழுதியிருப்பது உங்கள் மொழியில் வேறு சொல் இல்லாத காரணத்தால். அது விண்ணப்பதாரியின் குற்றமல்ல..."

"அப்பா, இதை எழுத ஏலாது. விசா தரமாட்டாங்கள்."

"உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா ஃபிரெஹ்," என்றாள். திமிர் என்பதற்கு டொச்.

திமிரை எடுத்துவிட்டு மிச்சத்தை எழுதினோம். பெரியம்மாவின் மகள், பத்து வருடம் ஒரே வீடு, ஒரே கட்டில், பாதி முட்டை. முட்டையை எடுக்கச் சொன்னாள். நான் விடவில்லை.

முடிவில், இந்த மாதிரி முறை எங்கள் பக்கத்திலும் உண்டு, என் பெரியப்பாவின் மகனை நானும் அண்ணை என்றே கூப்பிடுகிறேன் என்று ஒரு வரி சொன்னேன். அபி தட்டுவதை நிறுத்தினாள்.

"ஆர்? யோகன் பெரியப்பாவோ? அவர் உங்கட புரூடர் இல்லையா?"

"என்ர அண்ணை."

"ஆனா புரூடர் இல்லை. கசின்."

 பிள்ளை இத்தனை காலமும் அவரை என் கூடப்பிறந்தவர் என்றே நினைத்திருக்கிறாள். நான் அவளுக்குப் பொய் சொன்னேனா உண்மை சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

"பரவாயில்லை," என்றாள் அபி, திரும்பவும் தட்டத் தொடங்கியபடி. "எனக்கு அவர் பெரியப்பாதான். சிஸ்டத்தில ஏறிட்டுது. இனி மாத்த ஏலாது."

7

மூன்று கிழமையில் லின்னுக்கு விசா வந்தது. கடிதத்தை யாராவது வாசித்தார்களா என்று தெரியாது. முட்டைதான் வேலை செய்தது என்பது என் கட்சி.

போகும்வரை தினமும் ஒத்திகை. வெங்காயம் வெட்டுகிற தாளத்துக்கு, "ஷீ இஸ் மை கசின், ஷீ இஸ் மை கசின்." கடைசிக் கிழமையில் பிரான்ட்கூட அதை முணுமுணுத்தபடி திரிந்தார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. எனக்கு ஒரு டப்பா தேயிலை கொண்டுவந்தார், இலங்கைத் தேயிலை. மன்செஸ்டர் ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததைச் சொன்னார்.

"நேர்ஸ் கேட்டவ, நீ ஆர் எண்டு. ஆறு கிழமை பாடமாக்கினனான் எல்லே. வாயைத் திறந்தன். 'சிஸ்டர்' எண்டு வந்திட்டுது."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "பிறகு? அம்மா பேர் கேட்டவவோ?"

"இல்லை."

"அப்பா பேர்? பாஸ்போட்?"

"ஒண்டும் கேக்கேல்லை. கதவைத் திறந்துவிட்டு, 'கம் இன், லவ்' எண்டு சொன்னவ. சிவா, லவ் எண்டால் காதல் எல்லே? அவ ஏன் என்னைக் காதல் எண்டு கூப்பிட்டவ?"

"அது அந்த ஊரில பழக்கம். எங்கட தங்கச்சி மாதிரி," என்றேன்.

"முன்பின் தெரியாத ஆளைத் தங்கச்சி எண்டு கூப்பிடுவினமோ?"

"ஓம்."

"அப்ப அவங்களுக்கும் சொந்தக்காரர் இருக்கினம்," என்றார் லின், நிம்மதியாக.

எனக்கு நிம்மதி வரவில்லை. நாற்பது வருடத்துக்கு முன் என்னை விசாரித்த மேசையில் அந்த நேர்ஸை இருத்தியிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. சலாட் கீரையை வெட்டிய வேகத்தில் விரலையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டேன்.

8

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் ரொறன்ரோவுக்கு எடுத்தேன். அங்கே காலை.

"டேய், ஆர் செத்தது?" என்றார் யோகன் அண்ணை.

"ஒருத்தரும் சாகேல்லை."

"பின்னை ஏன் எடுத்தனி? தீபாவளிக்கு இன்னும் கனநாள் கிடக்கு."

லின்னின் கதையைச் சொன்னேன். சூப்புப் பானை வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன்.

"அண்ணை, கேம்பில இருக்கேக்க நான் ஒரு பேப்பரில கையெழுத்து வைச்சனான். நீங்கள் என்ர சகோதரம் இல்லையெண்டு."

அந்தப் பக்கம் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. யாரும் அதை நிறுத்தவில்லை.

"எப்ப வைச்சனி?"

"தை மாசம்."

"நத்தாரும் புதுவருசமும் முடிஞ்ச பிறகோ?"

"ஓம், அண்ணை."

"நான் கார்த்திகையிலயே வைச்சிட்டன்டா."

"என்ன?"

"அதே லோயர். அதே பேப்பர். 'சிவபாலன் கந்தையா என் சகோதரன் அல்ல.' அதை வைச்சிட்டு வந்து மேல் கட்டிலில படுத்தனான். நீ கீழ இருமிக்கொண்டு கிடந்தனி. உன்ர கேஸை நான்தான் கவிட்டன் எண்டு நினைச்சன். என்ர கேஸ் முடியுமட்டும் நான் நிக்கேல்லை. உன்ர முகத்தில முழிக்க ஏலாமத்தான் கனடாவுக்கு ஓடினனான்."

 எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நாப்பது வருஷமா ஒரு வார்த்தை சொல்லேல்லையே, அண்ணை."

"நீ சொன்னியோ?"

"நான் சின்னவன். எனக்குப் பயம். நீங்கள் சொல்லியிருக்கலாம் எல்லே?"

"நான் மூத்தவன்டா," என்றார் அவர். "நான் எப்பிடிச் சொல்லுறது?"

கந்தையாவின் மகனும் செல்லையாவின் மகனும் ஆளுக்கொரு கண்டத்தில் இருந்து மூக்கைச் சிந்தினோம். இரண்டு பேருக்கும் அறுபது கடந்துவிட்டது, வெள்ளைக்காரன் யாரும் பார்க்கவில்லை.

கேத்தில் நின்றது. "ஆனியில வாறன்," என்றார். "ஸ்டேஷனுக்கு வா. ஆரும் கேட்டால் கசின் எண்டு சொல்லு. திரும்பவும் கேஸ் வந்தால் என்னால ஏலாது."